பின்வண்டியின் கைப்பிறேக்

பாலாவியிலிருந்து கற்பிட்டி வீதி வழியே ஆலங்குடாவுக்குச் செல்கையில், நீண்ட பின்வண்டி பூட்டிய லொறிகள் எதிர்ப்படுவதுண்டு. அவற்றின் சுமையை நாம் வியக்கின்றோம். அச்சுமையை அடக்கும் சிறு கைப்பிடியை நினைப்பதில்லை.

இத்தகைய லொறிகள் பலவற்றில் சுக்கானருகே தனியொரு கைப்பிடி உண்டு. அதனை இழுத்தால், காற்றழுத்தத்தினால் பின்வண்டிச் சில்லுகளின் பிறேக் மட்டும் பிடிக்கும். பின்வண்டியைக் கொழுவியதும் சாரதி இதனை இழுத்துப் பிடித்தவாறே முன்வண்டியை மெல்ல முன்னே செலுத்திப் பார்ப்பார். வண்டி நகராது நின்றால் பூட்டும் உறுதி, பிறேக்கும் உறுதி. நம் கரையோரம் சமதரை. கடுகண்ணாவை போன்ற ஏற்றத்தில் நின்று புறப்படுகையில், வண்டி பின்னுருளாமற் காப்பதும் இப்பிடியே.

ஆயினும், வண்டியை நிறுத்திவிட்டுச் செல்வதற்கு இதனை நம்பலாகாது. காற்றுக் கசிந்தால் பிடி தளரும். அதற்கெனச் சுருள்வில்லின் விசையாற் பிடிக்கும் பிறேக் வேறுண்டு. ஈரவீதியில் விரைகையில் திடீரென இதனை இழுப்பதும் ஆபத்தே. சில்லுகள் சுழலாது சறுக்க, பின்வண்டி பக்கவாட்டில் வீசப்படும்.

தேநீர்க்கடை முன் ஆளின்றி நிற்கும் லொறியின் நிழலில் நம் பிள்ளைகள் விளையாடுகின்றனர். எந்தப் பிறேக்கைப் போட்டுவிட்டுச் சாரதி இறங்கினார் என்பதை அவர்கள் அறியார். அவர் அறிந்திருத்தல் வேண்டும்.