ஜூன் மாதத்துக் கட்டணம்

கல்லூரிகளில் மாணவர் நலப் பணியைக் கவனிக்கும் நாம் ஏப்ரல் கடைசியில் பதிவேட்டை மூடி வைத்தால், மறுபடி திறப்பது கோடை விடுமுறை கழிந்துதான். தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு பெண் இரண்டாம் ஆண்டுக்குப் போவாளா, வீட்டில் நிற்பாளா என்பது முடிவாவது அந்த இடைவெளியில்தான். நம் கதவு திறக்கும்போது அவள் பெயர் வருகைப் பட்டியலில் இருக்காது. உதவி கேட்டு வராதவளுக்கு நம் கணக்கில் இடமும் இல்லை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் பங்குக்குப் போகிறவர் வீட்டுக்கு அந்த இரண்டு மாதமும் அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம்தான் ஆதாரம், மிச்சத்துக்குக் கடன். பக்கத்து வீட்டில் நாட்டுப்படகுக்காரர். தடை அவருக்கு இல்லை. விசைப்படகு மீன் வராததால் ஏலத்தில் அவர் மீனுக்கு விலையும் நன்றாகவே போகும். ஆனால் ஜூனில் கச்சான் காற்று பிடித்துவிட்டால் பாடு இல்லாத நாள்கள் கூடிக்கொண்டே போகும். எதிர் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போகிறவர். கடல் அடங்கி, அடி தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்திருந்தால்தான் அவருக்குத் தொழில். காற்றுக் காலத்தில் அது கலங்கிக் கிடக்கும்.

ஒரே தெருவில் மூன்று வீடு, மூன்று விதமான பஞ்ச மாதம். நம் விண்ணப்பத்திலோ ஒரே கட்டம். தொழில்: மீனவர். பக்கத்தில், கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுதிய ஆண்டு வருமானம். மாதச் சம்பளக்காரருக்காக அச்சடித்த படிவத்தில் இதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. மூன்று வீட்டுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: கல்லூரி திறந்து புதிய ஆண்டின் கட்டணம் கேட்கிற ஜூன், ஜூலை. விசைப்படகுக்காரர் கடனோடு இருப்பார், மற்ற இருவரும் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

திட்டங்களுக்குக் குறைவில்லை. புதுமைப் பெண் 2022 செப்டம்பரில் வந்தது, மாதம் ஆயிரம் ரூபாய். முதலில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். இந்தக் கடற்கரையில் நிறையப் பெண்கள் படிப்பது திருச்சபைகள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில். அவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வெளியே நின்றார்கள். 2024 டிசம்பர் 30 அன்று, தூத்துக்குடியில் வைத்தே, உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் திட்டம் விரிந்தது. அதே பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவில் உட்கார்ந்திருந்த தங்கைக்கு இன்றும் இல்லை. சேர்க்கை நாளிலேயே மாற்றுச் சான்றிதழோடு பயிற்று மொழியையும் பார்த்து, யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று சொல்லிவிடுவது நம் வேலை. ஆறு மாதம் காத்திருக்க வைத்துவிட்டு இல்லை என்பது கொடுமை.

பணம் ஒதுக்கியும் கைக்கு வராத கதை தனி. ஆதார் வழியாக அனுப்பும் தொகை, விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குப் போவதில்லை. கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை இணைத்தார்களோ அதற்குத்தான் போகும். பள்ளியில் படித்தபோது ஒரு கணக்கு, கல்லூரி சேர்ந்ததும் ஒன்று, இடையில் யாரோ கைரேகை வாங்கித் தொடங்கிக் கொடுத்தது ஒன்று. “பணம் ஏறலை சார்” என்று வருகிற பிள்ளையிடம் பாஸ்புக்கைக் கேட்டுப் புரட்டுவதில் பயனில்லை. ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே, அவர்கள் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. போட்டுப் பார்த்துவிடலாம். அந்தக் கைபேசி அப்பாவுடன் கடலில் இருந்தால் சாயங்காலம் வரை பொறுக்க வேண்டும். நம் அலுவலகம் நான்கு மணிக்குப் பூட்டிவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

மனநல ஆலோசனைக்கு வருவோம். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் சுக்தேப் சாஹா வழக்கில் தந்த தீர்ப்பின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். ஆசிரியர், ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி தர வேண்டும். நல்ல தீர்ப்பு. ஆனால் ஆலோசனை அறை பல கல்லூரிகளில் முதல்வர் அறைக்கு எதிரே, கண்ணாடிக் கதவோடு இருக்கிறது. நாக் குழுவுக்குக் காட்ட வசதியான இடம். நான்கு பேர் பார்க்க எந்தப் பிள்ளை அதற்குள் நுழையும்?

வெளியூரிலிருந்து வரும் ஆலோசகர் இந்த ஊரைப் பற்றி ஒன்றிரண்டு விஷயம் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். 2018 மே மாதம் இங்கு நடந்த போராட்டத்தில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒரு பெண் சுடப்பட்டது திரேஸ்புரத்தில். அன்று பத்து, பதினொரு வயதில் தெருவில் நின்றவர்கள் இப்போது நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது தூத்துக்குடியும் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. அப்பா கடலுக்குள் மூழ்கித் தொழில் செய்கிறவர் என்றால், காற்று மாறுகிற நாளில் மகளுக்குப் பாடத்தில் கவனம் நிற்காது. இதையெல்லாம் ‘தேர்வு பயம்’ என்று எழுதிக் கோப்பில் சேர்ப்பது சோம்பேறித்தனம். இரவில் தனியாகத் தவிக்கிறவர்களுக்கு டெலி மானஸ் 14416 இருக்கிறது. அந்த எண் அறிவிப்புப் பலகையில் மட்டுமல்லாமல் அடையாள அட்டையின் பின்புறத்திலும் அச்சாகட்டும்.

பெற்றோர் கூட்டத்தைப் புதன்கிழமை பதினோரு மணிக்கு வைத்துவிட்டு, மீனவப் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று குறிப்பெழுதுகிற வழக்கத்தையும் நிறுத்தலாம். கிறிஸ்தவ மீனவர் வீடுகளில் ஞாயிறு தொழில் கிடையாது. பூசை முடிந்து தகப்பனார் வீட்டில்தான் இருப்பார். இஸ்லாமியக் குடும்பங்களை வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பார்க்கலாம். வகுப்பு ஆலோசகர் ஏப்ரலில் ஒருமுறை போய், இது எந்த வகை வீடு, எந்த மாதம் கை இறுகும் என்று எழுதி வந்தால் போதும். அதை வைத்துக் கட்டணத்தைத் தவணையாகப் பிரிப்பது நிர்வாகத்துக்குப் பெரிய இழப்பு அல்ல. கடல் அடங்கிக் கிடக்கும் ஜனவரி, பிப்ரவரியில் ஒரு பங்கை வாங்கிவிட்டால் ஜூனில் பாதிச் சுமை குறையும். தேர்வுக் கட்டணத் தேதியைத் தாங்களே முடிவு செய்யும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இது இன்னும் எளிது.

இவ்வளவுக்கும் பிறகும் சிலர் நின்றுவிடுவார்கள். பாக்கியைக் காரணம் காட்டி அவர்கள் சான்றிதழைப் பிடித்து வைப்பதை, யுஜிசியின் 2023 குறைதீர்ப்பு விதிமுறை மாணவர் புகாராகவே எடுத்துக்கொள்கிறது. அலுவலகக் கண்காணிப்பாளர்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். விட்ட பருவத்திலேயே மறுசேர்க்கை கேட்க வழியும் உண்டு. போகிறவளிடம் அதைச் சொல்லி, அம்மாவின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டு, பிப்ரவரியில் கூப்பிட்டுக் கேளுங்கள். ஜூனில் கேட்டால் என்ன பதில் வரும் என்று நமக்கே தெரியும்.