அரை ரொட்டி யாருக்கு?

‘ஒன்றுமே இல்லாததற்கு அரை ரொட்டி மேல்’ என்ற ஆங்கிலப் பழமொழி, ஜான் ஹேவுட் 1546-இல் வெளியிட்ட தொகுப்பிலேயே இருக்கிறது. முழுதாகக் கிடைக்காவிட்டால் கிடைத்தவரை போதும் என்று விட்டுக்கொடுத்துப் போகச் சொல்வது அது. பசித்தவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் பாதகமில்லை. இன்று அதை ஓதுபவர்கள் பசித்தவர்களா? சம்பளப் பேச்சுவார்த்தையில் நிர்வாகத் தரப்பு ஓதுகிறது. மேலாண்மைப் பயிலரங்கில், மதிய பிரியாணி உறுதியான பின், பயிற்சியாளர் ஓதுகிறார். மீதி அரை ரொட்டி எங்கே என்று கேட்பவருக்கு ‘பக்குவம் போதாது’ என்று பட்டம்.

இந்த உபதேசத்தின் லட்சணத்துக்கு, அமெரிக்க அரசியலமைப்பை வகுத்த 1787-இன் பிலடெல்ஃபியா மாநாடு ஒன்றே போதும். பிரதிநிதிகள் சபை இடங்களைப் பங்கிடும்போது அடிமைகளையும் முழுத் தலைகளாக எண்ண வேண்டும் என்றன தென் மாநிலங்கள். கூடாது என்றது வடக்கு. ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவது என்று சமரசம் ஆயிற்று. எண்ணப்பட்டவர்களுக்கு வாக்கு கிடையாது. அவர்கள் பெயரில் வந்த கூடுதல் இடங்கள் எசமானர்களுக்கு. அடியோடு எண்ணாமல் விட்டிருந்தால் எசமானர்களின் பலமாவது குறைந்திருக்கும். ஆக, அரைக்கும் சற்றுக் கூடுதலான அந்த ரொட்டியைவிட ஒன்றுமில்லாததே அடிமைக்கு மேல். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் வாக்குகளும் இந்த இடக் கணக்கின்படியே; 1800 அதிபர் தேர்தலில் ஜெஃபர்சன் 73–65 என்று ஆடம்ஸை வென்றதற்கே இந்த ‘ஐந்தில் மூன்று’தான் காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணக்கு. பழமொழிப் பிரியர்கள் இதற்கு மட்டும் பதில் சொல்வதில்லை.

சமரசம் அதோடு நிற்கவில்லை. அடிமைமுறையை எங்கெல்லாம் அனுமதிப்பது என்பதில் 1820-இல் மிசௌரி சமரசம். 1850-இல் இன்னொன்று: கலிஃபோர்னியா அடிமைமுறை இல்லாத மாநிலமானது; பதிலுக்கு, தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்கும் சட்டம் கடுமையானது. பிடிபட்டவரை எசமானரிடம் அனுப்பினால் விசாரணை ஆணையருக்கு 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். அப்பழுக்கற்ற நடுநிலை! இந்த இரண்டு சமரசங்களிலும் முன்னின்ற அரசியல்வாதி ஹென்றி கிளேக்கு ‘மகா சமரசர்’ என்று பெயர். 1861-இல் உள்நாட்டுப் போர் வெடித்தது.

நடுவில் நின்றாலே நியாயம் என்று இரு தரப்புக்கும் சம நேரம் தரும் தொலைக்காட்சி விவாதங்களும் இந்த வகையறாதான். சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று 1964-இல் அமெரிக்க அரசு அறிக்கையே சொன்ன பிறகும், ‘மறுதரப்பு’ என்று புகையிலைக் கம்பெனிகளுக்கு நாற்காலி போடப்பட்டது. ஐந்தில் மூன்று புற்றுநோய் என்று முடிவு செய்துகொள்ளலாம் போலும்.

மீண்டும் அந்த ‘ஐந்தில் மூன்று’க்கு வருவோம். போருக்குப் பின், 1868-இல், அமெரிக்க அரசியலமைப்பின் 14-ஆம் திருத்தம் முன்னாள் அடிமைகளையும் முழு ஆளாக எண்ணச் சொன்னது. தெற்குக்கு இடங்கள் மேலும் கூடின. தலைவரியும் எழுத்தறிவுத் தேர்வும் வைத்துக் கறுப்பினத்தவரை வாக்குச்சாவடிக்கு வெளியே நிறுத்திக்கொண்டே அந்த மாநிலங்கள், 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை, அந்த இடங்களில் பெரும்பாலும் வெள்ளையரையே உட்கார வைத்தன.