பெட்டிக்குப் பூட்டு உண்டு, பணத்துக்கு இல்லை

கலிபோர்னிய வாக்காளர்கள் 2016-இல் 64-ஆம் முன்மொழிவை ஏற்றதைத் தொடர்ந்து, 21 வயது நிரம்பியோருக்கான கஞ்சா விற்பனை 2018 ஜனவரியில் அங்கு தொடங்கியது. உரிமம் பெற்ற கடைகள் வீடுகளுக்கும் சரக்கைக் கொண்டுசேர்க்கும் இம்மாநிலத்தில், வண்டியில் ஏற்றப்படும் கஞ்சா வெளியிலிருந்து பார்ப்போர் கண்ணில் படாதவாறு, வண்டிக்குள் பொருத்தப்பட்ட, முழுதும் மூடிய பெட்டியிலோ கூண்டிலோ பூட்டி வைக்கப்பட வேண்டும் என்றும், வண்டி இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள் வழியே காட்டும் ஜிபிஎஸ் கருவி அதில் இயங்க வேண்டும் என்றும், ஓட்டுநர் இறங்கிச் செல்லும்போது கதவுகள் பூட்டப்பட்டு அபாய ஒலிக்கருவி இயக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் விதிகள் கூறுகின்றன. இவை சிறு நிறுவனங்களுக்குச் செலவு வைப்பவை என்பது மெய்யே. ஆயினும் சரக்கு கள்ளச்சந்தைக்கோ சிறார் கைக்கோ போய்ச் சேராமல் காப்பவை என்பதால் இவற்றைத் தளர்த்தக் கூடாது.

குறை, விதிகள் எதைக் காக்கவில்லை என்பதில் உள்ளது. கூட்டரசு 1970-இல் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மருத்துவப் பயன் ஏற்கப்படாதவை எனக் கருதப்படும் பொருள்களின் பட்டியலில், கஞ்சாவைச் சேர்த்ததன் விளைவாகப் பெரிய வங்கிகளும் கடன் அட்டை நிறுவனங்களும் இத்தொழிலிலிருந்து விலகி நின்றன. வணிகத்தில் பெரும்பகுதி ரொக்கமாகவே நடந்தது. சரக்கு ஒவ்வொரு வாசலிலும் குறைந்துகொண்டே வர, ஓட்டுநரிடம் பணம் பெருகிக்கொண்டே போகிறது. கொள்ளையருக்கு அடையாளம் தெரியாமல் செலவழிக்கத்தக்கது பணமே; ஆனால் ஒரு விநியோக வண்டியில் இருக்கலாம் என வகுக்கப்பட்டு, 5,000 டாலரிலிருந்து 10,000 டாலராக உயர்த்தப்பட்ட உச்சவரம்பு சரக்கின் மதிப்பை மட்டுமே கணக்கிடுகிறது.

ரொக்கம் கொள்ளையரிடமிருந்து தப்பினாலும் அதற்குப் பாதுகாப்பு உறுதியில்லை. உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகளின் பணத்தை ஏற்றிச் சென்ற எம்பிரியல் நிறுவனத்தின் கவச வண்டிகளைச் சான் பெர்னார்டினோ மாவட்டக் காவலர்கள் நிறுத்திப் பத்து லட்சம் டாலருக்கு மேல் பறிமுதல் செய்ததும், வழக்குத் தொடர்ந்த பின்னரே 2022-இல் அப்பணம் திரும்பியதும் இதற்குச் சான்று.

ஆகவே கஞ்சாக் கட்டுப்பாட்டுத் துறை, வண்டியில் சேரும் ரொக்கத்துக்கும் தனி உச்சவரம்பு விதித்து, அதை எட்டியதும் ஓட்டுநர் கடைக்குத் திரும்பப் பணிக்க வேண்டும். அவரால் திறக்க இயலாத பணப்பெட்டியையும் கட்டாயமாக்க வேண்டும். பிரதிநிதிகள் அவை 2019 தொடங்கிப் பலமுறை நிறைவேற்றியும் செனட்டில் தேங்கிய கஞ்சா வங்கிச்சேவை மசோதாவைச் சட்டமாக்கும் கடமை அமெரிக்கக் காங்கிரஸுக்கு உரியது.