அயல்நாட்டு நன்கொடையும் ஊர்-சேரி எல்லையும்

அயல்நாட்டு நகரங்களில் ரோட்டரி சங்கத்தினர் ஓட்டப் பந்தயமும் விருந்தும் நடத்தித் திரட்டும் நிதி, இந்தியக் கிராமங்களில் குடிநீர்த் தொட்டியாகவும் பள்ளிக் கழிப்பறையாகவும் உருப்பெறுகிறது. அவர்களது உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அத்தொட்டி ஊரில் நிற்கிறதா, சேரியில் நிற்கிறதா என்பதே நமது கேள்வி.

ரோட்டரி அறக்கட்டளையின் 'குளோபல் கிராண்ட்' நிதிக்கு, திட்டம் நடைபெறும் நாட்டின் சங்கமும் வெளிநாட்டுச் சங்கமும் இணைந்தே விண்ணப்பிக்க வேண்டும். சமூகத் தேவை குறித்த மதிப்பீடும் கட்டாயம். ஆனால் எவரிடம் கேட்பது என்பதை நடைமுறையில் உள்ளூர்ச் சங்கமே தீர்மானிக்கிறது. வணிகரும் தொழில்வல்லுநரும் நிறைந்த அச்சங்கத்துக்கு ஊர்ப் பெரியவர்களின் குரலே முதலில் எட்டும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், சேவைச் சங்கங்கள் உட்படப் பலரது நன்கொடையும் குவிந்த நாகப்பட்டினத்தில் இதன் விளைவைக் கண்டோம். இழப்பு படகாலும் வலையாலும் அளக்கப்பட்டது. உப்பேறிய வயல்களில் கூலியிழந்த தலித் தொழிலாளர் பலர் பட்டியலுக்கு வெளியே நின்றனர். நிவாரண முகாம்களுக்குள்ளும் தீண்டாமை நுழைந்தது. கொடுத்தவர்க்குச் சாதி தெரியாது, பங்கிட்டவர்க்குத் தெரியும்.

ஆகவே, மதிப்பீட்டில் சேரியின் தேவை தனியே பதியப்பட வேண்டும். திட்டக் குழுவில் தலித் பெண்கள் இடம்பெற வேண்டும். பணி முடிந்து ஓராண்டுக்குப் பின், எவர் பயன்பெறுகின்றனர் என்ற தணிக்கை நடைபெற வேண்டும். சம்பந்தப்பட்ட அனைவருக்கும் இது நியாயமானதா என்பது ரோட்டரியின் நான்கு வினாச் சோதனையில் ஒன்று. அவ்வினாவைச் சேரிக்கு வந்து கேட்கட்டும்.