அப்பாவின் அம்பாசடரும் நான் கொண்டுபோன கார்புரேட்டரும்

போன வாரம் ஒரு பிறந்தநாள் விருந்து. சாம்பார் வாளியைச் சுற்றி நின்ற ஆண்கள் கூட்டம் வழக்கம்போல வீட்டுக்கடன், ஊர் நிலவிலை என்று போய்க்கொண்டிருந்தது. ஒரு நண்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஊர்ல அப்பாவோட பழைய ஃபியட்டுக்குக் கார்புரேட்டர் போயிடுச்சாம். இங்க இணையத்துல ஒண்ணு நல்ல விலைக்குக் கிடக்குது. வாங்கிட்டுப் போகட்டுமா? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்றார்.

எனக்கு இதெல்லாம் தெரியும் என்று எங்கள் ஊரில் ஒருத்தர்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள் :-) ஆனாலும் பதில் சொன்னேன். "வாங்காதீங்க. முதல்ல ஊர் மெக்கானிக்குக்குப் போன் பண்ணுங்க." ஏன் என்று விளக்குவதற்குள் கேசரி வந்துவிட்டது. அதனால் இங்கே.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். ரேஷன் கார்டில் கேரளா, வீட்டுக்குள் தமிழ். மாவட்டத் தலைநகருக்குப் போவதை விட பொள்ளாச்சிக்குப் போவதுதான் அதிகம். தாத்தா 1972-ல் வாங்கிய அம்பாசடர் மார்க் 2 இன்னும் எங்கள் வீட்டுத் திண்ணையோரம் நிற்கிறது. அப்பாவுக்கு வெல்ல வியாபாரம். பொள்ளாச்சி, உடுமலை, சின்னார் வழியாக மறையூர் போய் உருண்டை வெல்லம் எடுத்து வருவார். இப்போது வியாபாரம் இல்லை. ஆனாலும் மாதம் ஒரு தடவை அந்த வண்டியில் மறையூர் போகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

வண்டி வந்தபோது அதில் இருந்தது எஸ்.யூ. கார்புரேட்டர். தொண்ணூறுகளின் நடுவில் அதன் த்ராட்டில் தண்டு தேய்ந்து, பக்கவாட்டில் காற்று இழுக்க ஆரம்பித்தது. ஐடிலிங் நிற்காது. ஸ்பேர் கிடைக்கவில்லை. எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரு பத்மினியில் இருந்து கழற்றிய சோலெக்ஸை எடுத்தார். எஸ்.யூ. பக்கவாட்டில் மாட்டுவது, சோலெக்ஸ் மேலிருந்து கீழே இறங்குவது. அதற்காக முழங்கை மாதிரி ஒரு வளைவுத் துண்டை லேத்தில் கொடுத்துச் செய்து மாட்டிவிட்டார். அசிங்கமாக இருக்கும். வேலைக்காக ஊரை விட்டுப் போகிற வரை பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அது கண்ணை உறுத்தும்.

விதியைப் பாருங்கள், நான் வேலைக்கு வந்து சேர்ந்த ஊர் பர்மிங்ஹாம். எஸ்.யூ. கம்பெனி பல காலம் இயங்கிய ஊர். ஸ்கின்னர் சகோதரர்கள் தொடங்கி, 1926-ல் மோரிஸ் கைக்கு வந்த கம்பெனி. நம் அம்பாசடரே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசுதானே. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார் சாமான் விற்கும் சந்தைகளுக்குப் போய் நிற்பேன். அப்பா வண்டிக்கு "ஒரிஜினல்" கார்புரேட்டர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வெறி.

2021-ல் அதற்குத் தூபம் போட்ட மாதிரி ஒரு செய்தி. இந்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 'வி.ஏ.' எழுத்து போட்ட தனி நம்பர். 2022-ல் எங்கள் வண்டிக்கு 50 முடிகிறது. எஞ்சின் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு அந்த முழங்கைத் துண்டுதான் ஞாபகம் வந்தது.

ஒரு சந்தையில் எம்.ஜி.பி. காரில் இருந்து கழற்றிய எஸ்.யூ. கிடைத்தது. எம்.ஜி.பி.யின் எஞ்சினும் அம்பாசடரின் எஞ்சினும் ஒரே குடும்பம், பி.எம்.சி. பி சீரிஸ். அது 1798 சிசி, நம்முடையது 1489 சிசி. கார்புரேட்டர் வாய் கால் அங்குலம் பெரிசு. பெரிசு என்றால் நல்லதுதானே என்று நினைத்தேன். சுத்தம் செய்து, துணிக்கு நடுவே வைத்து, 2022 டிசம்பர் லீவில் கொண்டுபோனேன்.

மெக்கானிக் அண்ணன் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "தம்பி, இது ஜோடியில ஒண்ணுங்க. இன்னொண்ணு எங்க?" என்று கேட்டார். "ஒண்ணு போதுங்கண்ணா" என்று சொன்னேன். வெளிநாட்டில் இருந்து வந்தவன் சொல்கிறேன், அவரும் மறுக்கவில்லை. ஃபிளேஞ்ச் ஒத்துவரவில்லை. அலுமினியத் தகட்டில் துளை போட்டு இடையில் வைத்து மாட்டினோம். ஸ்டார்ட் ஆனது. வீட்டு வாசலில் அழகாக ஐடில் அடித்தது. நான் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு எல்லாம் அனுப்பினேன்.

மறுநாள் அப்பா ஓட்ட, நான் முன்னால், அம்மா பின்னால். மறையூருக்கு. அமராவதி வரை ஒன்றும் இல்லை. சின்னார் செக்போஸ்ட் தாண்டி ஏற ஆரம்பித்ததும் இழுவை குறைந்தது. மிஸ்ஸிங். பின்னால் கறுப்புப் புகை. அப்புறம் பெட்ரோல் வாசனை. அப்பா ஒரு வார்த்தை பேசாமல் ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி, "எல்லாரும் இறங்குங்க" என்றார். பானெட்டைத் தூக்கினால் ஃப்ளோட் அறை வழிந்து சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விழுகிறது. விழுகிற இடம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில். இந்த எஞ்சினில் பெட்ரோல் போகிற பக்கமும் புகை வருகிற பக்கமும் ஒன்றேதான்.

தீப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும். யானை நடமாடும் காட்டுச் சாலையில், 74 வயது அப்பா இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றார். மேலே போய்க்கொண்டிருந்த ஒரு ஜீப்காரர் நிறுத்திப் பார்த்துவிட்டு, "இதை யாருங்க வச்சது?" என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

என்ன தப்பு நடந்தது? திரும்பி வந்து உட்கார்ந்து படித்தபின்தான் முழுசாகப் புரிந்தது.

சோலெக்ஸில் காற்று போகும் வழி ஒரே அளவு. உள்ளே இருக்கும் ஜெட்டை மாற்றிப் பெட்ரோலைக் கூட்டலாம், குறைக்கலாம். எஸ்.யூ. வேறு ஜாதி. எஞ்சின் இழுக்க இழுக்க உள்ளே ஒரு பிஸ்டன் மேலே எழும்பி வழியைப் பெரிதாக்கும். அந்தப் பிஸ்டனின் அடியில் கூம்பின ஒரு ஊசி, ஜெட்டுக்குள் இறங்கி நிற்கும். எந்த உயரத்தில் எவ்வளவு பெட்ரோல் என்பது அந்த ஊசியின் உடம்பில்தான் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒவ்வொரு ஊசி, தலையில் எழுத்தோ எண்ணோ பொறித்திருக்கும். நான் கொண்டுபோனதோ ஒரு எஞ்சினின் பாதிக்கு மட்டும் பெட்ரோல் கொடுக்கச் செய்தது. ஊசியை நான் பார்க்கவே இல்லை.

அடுத்தது சாய்வு. அது சாய்ந்த மேனிஃபோல்டில் உட்கார்ந்திருந்த கார்புரேட்டர். அதனால் ஃப்ளோட் அறையைக் கோணம் கொடுத்து மாட்டியிருந்தார்கள். எங்கள் வண்டியில் மாட்டியதும் அறை சாய்ந்துவிட்டது. சமதரையில் தாங்கியது. ஏற்றத்தில், சூட்டில், குலுக்கலில் வழிந்தது.

மூன்றாவது மலை. பொள்ளாச்சி சுமார் 300 மீட்டர் உயரம், மறையூர் ஆயிரத்துக்குப் பக்கம், மூணாறு 1,500. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விடச் சுமார் 14 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது, பெட்ரோலை அதே விகிதத்தில் குறைக்காது. ஏற ஏறக் கலவை கெட்டியாகும். கீழேயே கெட்டியாக இருந்த கலவை மேலே புகையாகப் போனது.

இப்போது அந்த அசிங்கமான சோலெக்ஸுக்கு வருகிறேன். அதுவும் பொருந்தாத கார்புரேட்டர்தான். 1089 சிசி பத்மினியுடையது. ஆனால் மெக்கானிக் அண்ணன் அதை மாட்டியதோடு விடவில்லை. மெயின் ஜெட்டை மாற்றினார். அப்பாவோடு மூன்று தடவை மறையூர் போனார். ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை என்றால் குறைவு, காப்பிப்பொடி நிறம் வரும்வரை விடவில்லை. என்னுடையது பெயரில் பொருத்தம். அவருடையது அந்த எஞ்சினுக்கும் அந்தச் சாலைக்கும் பொருத்தம்.

என் கருத்து இதுதான். போல்ட் உட்கார்ந்தால் பொருத்தம் இல்லை. பெட்டியில் அதே கம்பெனி பெயர் இருந்தாலும் பொருத்தம் இல்லை. காற்று, பெட்ரோல், சூடு, ஏற்றம் எல்லாம் சேர்ந்து ஓட்டிப் பார்த்துச் சரி செய்ததுதான் பொருத்தம். அதைச் செய்ய வண்டியோடு இருக்கிறவரால்தான் முடியும். பர்மிங்ஹாமில் இருந்து என்னால் முடியாது.

உள்ளூர்க் கைவேலை எல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. கிளாம்ப் இல்லாமல் செருகிய பெட்ரோல் குழாய், ஏர் ஃபில்டரே இல்லாத கார்புரேட்டர், சூட்டுத் தகட்டைக் கழற்றித் தூக்கி எறிவது, இதையெல்லாம் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் "ஒரிஜினலா?" என்பது தப்பான கேள்வி. "ஒழுகுதா? பிளக் என்ன நிறம்? ஏற்றத்தில் எப்படி?" இவைதான் கேள்விகள்.

இன்னொன்றும் இருக்கிறது. 1972-ல் இருந்த பெட்ரோலே இப்போது இல்லை. 2025-க்குள் இந்தியா முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதனால் பழைய ஜெட்டில் கலவை மெலிந்துபோகும், பழைய ரப்பரும் கார்க்கும் கெட்டுப்போகும். பிரிட்டனில் 2021-ல் 10 சதவீதம் வந்தபோதுகூட, பழைய வண்டிக்காரர்கள் 5 சதவீதம் கலந்த உயர்ரகப் பெட்ரோலை வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள். ஆக நான் அச்சு அசலான எஸ்.யூ.வையே கொண்டுபோயிருந்தாலும் இன்றைய பெட்ரோலுக்கு அதையும் திருத்தித்தான் ஆக வேண்டும்.

வி.ஏ. நம்பர் என்ன ஆனது என்கிறீர்களா? விதியை முழுசாகப் படித்தேன். அந்த நம்பர் வாங்கினால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் மாதிரி காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். மறையூர் போய் வெல்லம் வாங்குவது அதில் வராது. இங்கே 40 வருடம் தாண்டிய வண்டியைப் பெரிய மாற்றம் செய்யாமல் வைத்திருந்தால் வருடாந்திரச் சோதனையே கிடையாது, தினசரி ஓட்டலாம். நம் விதி காட்சிக்கு வைப்பவரை நினைத்து எழுதியது, ஓட்டுகிறவரை நினைத்து எழுதியதில்லை. அப்பாவிடம் சொன்னேன். "ஓடறதுக்குத்தானடா வண்டி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சோலெக்ஸ் மறுபடி ஏறிவிட்டது. இந்தத் தடவை நான் கொண்டுபோனது எத்தனாலைத் தாங்கும் பெட்ரோல் குழாய் நாலு மீட்டர், நல்ல கிளாம்புகள், ஒரு சின்னத் தீயணைப்பான் வாங்க அப்பாவிடம் பணம். எல்லாம் மெக்கானிக் அண்ணன் போனில் சொன்ன லிஸ்ட். அளவுகூட அவர் சொன்னதுதான்.

நண்பருக்கும் இதையேதான் சொல்கிறேன். வாங்குவதற்கு முன்னால் போன் செய்து, எது வேண்டும் என்று கேளுங்கள். அவர் "ஒண்ணும் வேண்டாம் தம்பி, ஓடிட்டுத்தான் இருக்கு" என்று சொன்னால், நம்பிவிடுங்கள்.

பி.கு: எம்.ஜி. கார்புரேட்டரைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன். அந்த வேலைக்கு நன்றாகவே பொருந்துகிறது :-)