முதுகில் ஊசி

சிஸேரியன் என்றதும் நம் வீட்டுப் பாட்டிமார் அஞ்சுவது கத்தியைக் கண்டு. மயக்க வைத்தியரின் கவலையோ வேறு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்யும்போது, ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளும் உறங்கிவிடுகின்றன. குழாய்கள் விரிந்து, கால்களில் ரத்தம் தேங்கி, அழுத்தம் இறங்குகிறது. சிசுவுக்குச் செல்லும் ரத்தமும் குறைகிறது. மல்லாந்து படுத்தாலோ, கனத்த கர்ப்பப்பை இருதயத்துக்குத் திரும்பும் பெரிய நாளத்தை அமுக்கிவிடும். ஆதலின் தாயை இடப்பக்கம் சற்றுச் சாய்த்து, சிரையில் திரவமும் ஏற்றுகிறார்கள்.

இவை மட்டும் போதா, மருந்தும் வேண்டும். சீன தேசத்து மா ஹுவாங் செடியிலிருந்து முதலில் பிரித்தெடுத்த எபிட்ரீனையே வைத்தியர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். தாயின் அழுத்தம் உயர்ந்தது, திருப்தியடைந்தார்கள். தொப்புட்கொடி ரத்தத்தைச் சோதித்தபோதோ, அதில் அமிலம் மிகுந்திருக்கக் கண்டார்கள். மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவின் உடலையும் முடுக்கியிருந்தது! தாயை மட்டும் பார்த்து மகிழ்ந்த பிழையை என்னென்பது? பினைலெப்ரினில் இத்தொல்லை குறைவு. 2018-ல் பல நாட்டு நிபுணர் வெளியிட்ட ஒருமித்த அறிக்கை, அழுத்தம் விழும்வரை காத்திராமல், முதுகில் ஊசி போட்டவுடனேயே அதைச் சிறுகச் சிறுக ஏற்றச் சொல்லிற்று. முன்பிருந்த மேல் அழுத்தத்தில் நூற்றுக்கு 90 பங்குக்குக் கீழே இறங்கலாகாது என்பது குறி. இம்மருந்து நாடியைத் தளர்த்துவதுண்டு. அப்போது சிறிதளவு எபிட்ரீனுக்கு இன்றும் இடமிருக்கிறது.

நம் பெண்களுக்கு ஒரு வார்த்தை. மேஜையில் படுத்திருக்கையில் குமட்டினாலும் தலை சுற்றினாலும் கூச்சப்படாமல் உடனே சொல்லிவிடுங்கள். அழுத்தம் இறங்குவதைப் பல சமயம் கருவிக்கு முன்பே அந்தக் குமட்டல் தெரிவித்துவிடுகிறது.