நாக்குக்குப் பிடிபடாத நஞ்சு

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது பலர் கேட்டார்கள்: வாயில் வைத்ததுமே தெரிந்திருக்காதா? தெரிந்திருக்காது. அந்தக் கேள்விக்குள் செத்தவர்கள்மேல் ஒரு பழி இருப்பதால் இதை விளக்கியே ஆகவேண்டும்.

நாக்கு நிறையச் சொல்லும். பிரான்சின் போஜொலே பகுதியில் காமே திராட்சையில் செய்யும் புது ஒயின், அறுவடையான சில வாரங்களிலேயே, நவம்பர் மூன்றாம் வியாழனன்று விற்பனைக்கு வருகிறது. ஊதா கலந்த சிவப்பைப் பார்த்தே அதை இளசு என்பார்கள். மோந்தால் பழவாசனை தூக்கும். போர்தோவின் இளம் சிவப்பு ஒயினோ ஈறுகளைப் பிடித்து இழுக்கும். திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் உமிழ்நீரின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வரும் துவர்ப்பு அது. கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்குகிறவர்களுக்கு அந்தத் துவர்ப்பு பழக்கமானதுதான். வருடங்கள் போகப்போக அது தணியும். தேர்ந்த நாக்கு அதைக்கொண்டு ஒயினின் வயதைக் கணிக்கும்.

ஆனால் கருணாபுரத்துச் சாராயத்தில் இருந்த மெத்தனாலை அந்த நாக்காலும் பிடிக்க முடியாது. மதுவிலுள்ள எத்தனாலைப் போலவே அதற்கும் நிறமில்லை. மணமும் ருசியும் ஏறக்குறைய ஒன்றுதான். சிவப்பு ஒயினிலேயே அது துளியளவு உண்டு, தோலிலுள்ள பெக்டின் சிதைவதால். சர்வதேச வரம்பு லிட்டருக்கு 400 மில்லிகிராம். அதை ஆய்வுக்கூடம்தான் அளக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒயின் குடிக்கும் இத்தாலியில் 1986-இல் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்தார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மலை ஊறல்தான் விஷம் என்பது இன்னொரு குழப்பம். வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைப்பது குற்றம். குடிப்பதும் உடம்புக்குக் கேடு. ஆனால் வெல்லம் நொதித்து உயிரைப் பறிக்கும் அளவுக்கு மெத்தனால் உண்டாகாது. கருணாபுரத்தில் கொன்றது ஆலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால். கல்வராயன் மலையில் எத்தனை ஊறலைக் கொட்டி அழித்தாலும் அந்த மெத்தனால் வருவது நிற்காது. எந்த ஆலையின் டிரம் யார் கைக்குப் போகிறது என்ற கணக்கை அரசு வைத்திருக்க வேண்டும்.

குடித்தவுடன் ஒன்றும் ஆகாமல் இருப்பதும் ஏமாற்றும். கல்லீரல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக்க நேரம் பிடிக்கும். பார்வை மங்கலும் வயிற்றுவலியும் மூச்சிரைப்பும் பல மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒரு நாள் கழித்துக்கூட வரும். அதற்குள் ஃபோமெபிசோல் என்ற மருந்தைக் கொடுத்தால் அந்த மாற்றத்தைத் தடுக்கலாம், டயாலிசிஸும் காப்பாற்றும். ஆகவே ஒருவர் விழுந்துவிட்டால், அதே சாராயத்தைக் குடித்த மற்றவர்கள், நன்றாகவே இருந்தாலும், உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். போலீசுக்குப் பயந்து அவர்களை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.